தனி ஆளாகத் தற்சார்பு: சென்னையில் இருந்துகொண்டே தொடங்குவது எப்படி

வேலையை விட்டுவிட்டு மதுராந்தகம் பக்கம் ஒரு ஏக்கர் வாங்கிப் போய்விடலாம் என்று ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தோன்றும், திங்கட்கிழமை காலையில் டிராஃபிக்கில் மறந்துவிடும். மறக்காதவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. அதிலும் குடும்பத்தோடு இல்லாமல் தனி ஆளாக இறங்கப் போகிறவர்களுக்கு. ஏனென்றால் தற்சார்பு வாழ்க்கை பற்றிய பேச்சில் இந்தத் தனி ஆள் கணக்கை யாரும் போடுவதில்லை. யூடியூபில் பார்க்கும் அழகான பண்ணைகளில் கேமராவுக்குப் பின்னால் மனைவி இருப்பார், அம்மா இருப்பார், தண்ணி பாய்ச்ச ஒரு அண்ணன், களை எடுக்க நாலு அக்காக்கள் இருப்பார்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு கை. நிலமும் பணமும் எப்படியாவது சேர்ந்துவிடும், மூன்றாவது கை மட்டும் முளைக்காது. அதனால் எதைத் தொடங்கும் முன்பும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டால் இது என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடிப்பதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை அடுத்தவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போவது எல்லாமே இந்தக் கணக்கில்தான் வருகிறது.

முதலில் ஒரு வருஷச் சாப்பாட்டைக் கணக்குப் போடுங்கள்

விதை, மண், தொட்டி எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு மாதம் வீட்டுக்குள் வரும் சாமான் எல்லாவற்றையும் எழுதுங்கள், ஸ்விக்கியில் வந்தது உட்பட. எழுதி முடித்தால் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, நீங்கள் உண்மையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று. (வாரத்தில் மூன்று நாள் பரோட்டா சாப்பிடுகிறவர் மாப்பிள்ளைச் சம்பா விதைநெல் தேடி அலைவதில் அர்த்தம் இல்லை, முதலில் சமைக்கப் பழக வேண்டும்.) இன்னொன்று, எது எவ்வளவு தேவை என்று.

அரிசியை எடுத்துக்கொள்வோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் என்றால் வருஷத்துக்கு 110 கிலோ. நெல்லை மில்லில் கொடுத்தால் 100 கிலோவுக்கு 60, 65 கிலோ அரிசி தேறும். ஆக, உங்களுக்கு வேண்டியது 180 கிலோ நெல், 75 கிலோ மூட்டைக் கணக்கில் இரண்டரை மூட்டைக்கும் கொஞ்சம் கம்மி. ரசாயன உரம் போடாத பாரம்பரிய ரகம் ஏக்கருக்கு 15 மூட்டை கொடுத்தால் 16 சென்ட் நிலம் போதும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னைக் கணக்கில் சொன்னால் மூன்று கிரவுண்டுக்குள் (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) உங்கள் வருஷத்துச் சோறு முடிந்துவிடும். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

ஆனால் அந்த 16 சென்ட்டில் நாற்று விட வேண்டும், சேறு அடிக்க வேண்டும், நட வேண்டும், இரண்டு தடவையாவது களை எடுக்க வேண்டும். அறுவடை இயந்திரக்காரர் 16 சென்ட்டுக்காக வண்டியை இறக்க மாட்டார், நீங்களே அரிவாள் எடுத்து அறுத்து, கட்டி, அடித்து, தூற்ற வேண்டும். தனி ஆள் கேள்வியில் நெல் தோற்றுப்போகும் இடம் இதுதான். நான் சொல்வது: நெல் போட வேண்டாம், நெல் போடுகிற ஒருவரைப் பிடியுங்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் சம்பா அறுவடை தை, மாசியில் முடியும். அந்த நேரத்தில் நேரே களத்துக்குப் போய் மூன்று மூட்டை நெல்லாகவே பேசி வாங்குங்கள். மூட்டையை அவர் வீட்டிலேயே போட்டுவைக்கச் சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவைப்பட்டதை மட்டும் அரைத்துக் கொண்டுவரலாம். தவிடு நீக்காத அரிசியை மொத்தமாக அரைத்து வைத்தால் சீக்கிரம் வண்டு விழும், சிக்கு வாடை அடிக்கும். நெல்லாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை.

எண்ணெயும் இப்படித்தான். மாதம் ஒரு லிட்டர் என்றால் வருஷத்துக்கு 12 லிட்டர், மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு இரண்டரை கிலோ பருப்பு போகும், மொத்தம் 30 கிலோ. கடலையை நீங்களே வாங்கிக் கொடுத்து ஆட்டினால் எண்ணெயோடு பிண்ணாக்கும் கையில் வரும், அது செடிக்கு உரம். துவரை, உளுந்து, மிளகாய், புளி எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை வாங்கும் சாமான், நம் பாட்டிமார் வீட்டில் அப்படித்தான் நடந்தது. துவரம்பருப்பில் கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவி வைத்தால் வண்டு வராது. அரிசி டின்னில் காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டுவைக்கலாம்.

அப்படியானால் நாம் என்னதான் வளர்ப்பது? தினமும் வாங்குகிறவை, மறுநாளே வாடிப்போகிறவை, கடையில் மருந்து அடித்து வருகிறவை. கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சைமிளகாய், வெண்டை, கத்தரி. இதற்கு நிலம் எதற்கு? மாடி போதும்.

மொட்டை மாடி

வாடகை வீடென்றால் ஹவுஸ் ஓனரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், அப்பார்ட்மென்ட் என்றால் அசோசியேஷனிடம். அவர்களுடைய பயம் நியாயமானது. தண்ணீர் தேங்கினால் தளம் ஊறும், கீழ் வீட்டுக் கூரையில் ஒழுகும். இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று மண் நனைந்த நிலையில் 25 கிலோ வரை வரும், அப்படி நாற்பது வாளி என்றால் ஒரு டன். அதனால் தொட்டிகளை நடு மாடியில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ தாங்கும் இடமாகப் பார்த்து ஓரமாக வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு செங்கல் வைத்தால் தண்ணீர் ஓடும், பெருக்கவும் முடியும். மாதம் ஒரு கட்டு கீரையைக் கீழ் வீட்டில் கொடுத்துவிடுங்கள், பாதிப் புகார் அதிலேயே அடங்கிவிடும்.

தொட்டிக்குப் பணம் செலவழிக்காதீர்கள். பழைய பெயிண்ட் வாளி, மீன் மார்க்கெட்டில் தூக்கிப் போடும் தெர்மாகோல் பெட்டி, உடைந்த பக்கெட் எல்லாம் ஆகும், அடியில் ஓட்டை மட்டும் போட வேண்டும். தெர்மாகோல் பெட்டி எடை இல்லாதது, வெயில் சூடு வேருக்குப் போகாமல் தடுக்கும், கீரைக்கு அதைவிட நல்ல தொட்டி கிடையாது. கழுவி ஒரு வாரம் வெயிலில் போட்டால் மீன் வாடை போய்விடும். பூனை வருவது நிற்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். மண் கலவைக்கு செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றும் சமமாக, ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசிவிட்டுத்தான் கலக்க வேண்டும்.

சிறுகீரை, முளைக்கீரை விதைத்து இருபத்தைந்தாம் நாள் சட்டிக்கு வந்துவிடும். பத்து நாளுக்கு ஒரு பெட்டி என்று மாற்றி மாற்றி விதைத்தால் விட்டுப்போகாமல் கிடைக்கும். பொன்னாங்கண்ணி, பசலை, அரைக்கீரை ஒருமுறை பிடித்துக்கொண்டால் வெட்ட வெட்டத் தழையும், அதனால் சோம்பேறிகளுக்கும் ஊர் சுற்றுகிறவர்களுக்கும் ஏற்றது. வெண்டை 45 நாளில் காய்க்கும், ஒரு ஆளுக்கு எட்டுச் செடி. கத்தரி நாலு செடி போதும், காய்ப்பு ஓய்ந்ததும் ஒட்ட வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். அவரையை ஆடியில் போட்டால் மார்கழி, தையில் கொத்துக் கொத்தாக வரும், வேறு மாதத்தில் போட்டுக் கொடி மட்டும் படர்கிறதே என்று புலம்பக் கூடாது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை. தக்காளி சித்திரை வெயிலில் பூவை உதிர்த்துவிடும், அதை ஆவணி புரட்டாசியில் நாற்று விட்டு மழைக்குப் பிறகு பறிக்கப் பாருங்கள். கேரட், முட்டைகோஸ், பீன்ஸ் பக்கமே போக வேண்டாம், அதெல்லாம் ஊட்டிச் சரக்கு.

கொடிக் காய்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுரைக்காய், பீர்க்கை வைத்தவர்கள் பிஞ்சு வருகிறது, பழுத்து உதிர்கிறது என்பார்கள். மூன்றாம் மாடிக்குத் தேனீயும் அந்துப்பூச்சியும் போதுமான அளவு வருவதில்லை, மகரந்தம் சேரவில்லை, அவ்வளவுதான். பூவைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஒல்லிக் காம்பில் இருப்பது ஆண் பூ, பூவுக்கு அடியில் சுண்டுவிரல் நுனி அளவுக்குக் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். சுரையும் பீர்க்கையும் சாயங்காலம் பூக்கும், ஆபீஸ் முடிந்து வந்து ஆறு மணிக்குச் செய்யலாம். பூசணி, பாகல் விடியற்காலை பூக்கும், அதைக் காபி குடிக்கும் முன்பே முடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் பூ வாடிவிடும். சேர்ந்திருந்தால் மூன்றாவது நாளே பிஞ்சு பெருத்திருப்பது கண்ணுக்குத் தெரியும்.

பூச்சி என்றால் சென்னை மாடியில் முதல் எதிரி மாவுப்பூச்சி. வெண்டை, கத்தரி, செம்பருத்தி மூன்றையும் விடாது. எறும்பு ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள், எறும்புதான் அதைச் செடிக்குச் செடி தூக்கிப் போகும். ஆரம்பத்திலேயே குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்து விழ வையுங்கள், பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், நாலு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடியுங்கள். பகல் வெயிலில் அடித்தால் இலை கருகும். செடி முழுக்க வெள்ளை படிந்துவிட்டால் பாவம் பார்க்காமல் பிடுங்கிப் பைக்குள் கட்டிப் போடுவதுதான் மற்ற செடிகளுக்கு நல்லது.

விதையை வருஷா வருஷம் வாங்கிக்கொண்டிருந்தால் அது தற்சார்பு ஆகாது. நாட்டு ரக விதையாக ஒருமுறை வாங்குங்கள், சென்னையிலேயே விதைத் திருவிழாக்கள் அவ்வப்போது நடக்கின்றன, அங்கே வாங்குவது நல்லது, போட்டு வளர்த்தவரிடமே பேசலாம். வெண்டைக்கு முதலில் வந்த இரண்டு காயை விட்டுவிட்டு, செடி திடமாக இருக்கும்போது வரும் நடுக் காய்களில் ஒன்றிரண்டைப் பறிக்காமல் விடுங்கள். அது காய்ந்து, பழுப்பாகி, வரிவரியாக வெடிக்கத் தொடங்கும்போது பறித்து, விதையை உதிர்த்து, சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பெயரும் மாதமும் எழுதிப் போட்டுவைக்கலாம். தக்காளி விதையைக் கூழோடு இரண்டு நாள் புளிக்க வைத்துக் கழுவினால் மேலே உள்ள வழவழப்பு போகும். ஒரே மாடியில் இரண்டு ரகப் பூசணி வைத்திருந்தால் விதை கலந்துவிடும், அதில் கவனம்.

தண்ணீர், குப்பை

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்கு நாலு வருஷம் முன்னால் இதே ஊர் வெள்ளத்தில் மிதந்தது. சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மூன்று மாதத்தில் கொட்டிவிடும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர். ஒரு நல்ல மழை நாளில் 200 லிட்டர் நீல டிரம் நாலைந்து நிரம்பி வழியும். மழைநீர் சேகரிப்பு 2003-ல் தமிழ்நாட்டில் கட்டாயம் ஆனபோது கட்டிய குழிகள் பல கட்டடங்களில் மணல் மூடிக் கிடக்கின்றன. உங்கள் கட்டடத்தில் அது எங்கே என்று தேடி, புரட்டாசிக்குள் தூர் வாரச் செய்யுங்கள். முதல் மழையின் தண்ணீரை விட்டுவிட்டு (புறா எச்சம் எல்லாம் அதில்தான் வரும்) அடுத்ததில் இருந்து டிரம்மில் பிடியுங்கள். வாயைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் டெங்குக் கொசுவை வளர்த்தவர் ஆவீர்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும், இலை ஓரம் காய்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆர்ஓ கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு அதில் இன்னும் அதிகம், வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியில் சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம்.

குப்பை விஷயம் சுலபம். ஓட்டை போட்ட இரண்டு வாளி, காய்கறிக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த சருகு இரண்டு பங்கு, மேலே கொஞ்சம் புளித்த மோர். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகு போடுங்கள். தடியாகப் புழு நெளிந்தால் பயப்பட வேண்டாம், அது மக்க வைக்கத்தான் வந்திருக்கிறது. இரண்டு மாதத்தில் உரம். சாணிக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் சந்துக்குச் சந்து மாடு நிற்கிறது, கறப்பவரிடம் கேட்டால் கொடுப்பார். ஒரு கிலோ சாணி, ஒரு லிட்டர் கோமியம், ஒரு கட்டி வெல்லம், பத்து லிட்டர் தண்ணீர், ஒரு நாள் ஊறினால் அமிர்தக்கரைசல். பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வேருக்கு ஊற்றுங்கள்.

வெயிலை வீணாக்காதீர்கள்

கத்திரி வெயிலைத் திட்டித் தீர்க்கும் நேரத்தில் வருஷத்துக்கு வேண்டிய வற்றலைப் போட்டுவிடலாம். மணத்தக்காளி, சுண்டைக்காய், மோர்மிளகாய், கொத்தவரை, கூழ்வடகம் எல்லாம் நாலு நாள் வெயிலில் முடியும். தனி ஆளுக்கு இது வெறும் நாக்கு ருசிக்காக இல்லை. கார்த்திகை மாதம் புயல் வந்து இரண்டு நாள் கரன்ட் போனால், கடை மூடினால், காய்ச்சல் வந்து மாடி ஏற முடியாவிட்டால், வற்றல்குழம்பும் சுட்ட அப்பளமும் உங்களைக் காப்பாற்றும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது பல ஏரியாவில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, ஃப்ரிட்ஜை நம்பியிருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தரையில் இறக்கிவிடுங்கள், பந்தலைக் கழற்றிவிடுங்கள். பறக்கும் தொட்டி அடுத்த வீட்டு ஆளின் தலையில் விழலாம்.

வேலையை எப்போது விடுவது? இப்போதைக்கு விடாதீர்கள், வேறென்ன. செலவைக் குறைப்பதும் வருமானம்தான். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், தனி ஆள் ஏசியைக் குறைத்தால் பில் எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள். சொந்த வீடாக இருந்தால் மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் சோலாருக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. மாதச் செலவு ஒரு அளவில் நின்று, அதன் இரண்டு வருஷத் தொகை கையில் சேர்ந்து, மருத்துவக் காப்பீடும் இருந்தால் மட்டும் அடுத்த பேச்சு.

நிலம்

முதலில் குத்தகை. பத்து சென்ட்டோ இருபது சென்ட்டோ, லோக்கல் ரயிலிலும் பஸ்ஸிலும் போய் வரக்கூடிய இடத்தில். செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர் வட்டாரத்தில் நகரத்துக்குப் பிள்ளைகள் போய்விட்டதால் சும்மா கிடக்கும் துண்டுகள் நிறைய. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அந்த ஊரில் கழித்துப் பார்த்துவிட்டு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். ஆடு, கோழி வளர்க்கப் பயிற்சி வேண்டுமானால் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பது. இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் தொடங்கிய வானகம் பண்ணை கரூர் மாவட்டம் கடவூரில் இருக்கிறது, இயற்கை விவசாயப் பயிற்சிக்கு அங்கே போய் வரலாம்.

வாங்குவதாக இருந்தால், தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், அதில் தடை இல்லை. தடை எல்லாம் காகிதத்தில் வரும். பட்டா யார் பெயரில், கூட்டுப் பட்டாவா தனிப் பட்டாவா, வில்லங்கச் சான்றிதழில் 30 வருஷத்துக்கு என்ன இருக்கிறது, மூலப்பத்திரம் அசலாக இருக்கிறதா, பவர் பத்திரத்தில் விற்கிறார்களா, எல்லாம் பாருங்கள். புலப்படத்தை (நிலத்தின் சர்வே அளவு வரைபடம்) எடுத்துக்கொண்டு நிலத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை புலப்படத்தில் இல்லாவிட்டால், இன்றைக்குச் சிரித்துக்கொண்டு வழி விடும் பக்கத்து வரப்புக்காரர் நாளைக்கு முள்வேலி போட்டால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த வட்டாரத்தில் இன்னொன்றை அவசியம் கேட்க வேண்டும்: பஞ்சமி நிலமா என்று. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1892-ல் பிரிட்டிஷ் அரசு பட்டியல் சாதி மக்களுக்கென்று ஒதுக்கிய நிலங்கள் அவை. மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது கொண்டுவந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள், சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கோயில் நிலம், ஏரி நீர்ப்பிடிப்பு, புறம்போக்கு இவையும் இந்தப் பட்டியலில்தான். சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும், பழைய பதிவேடுகள் பார்க்கத் தெரிந்த வக்கீலிடமும் போங்கள். வக்கீல் ஃபீஸில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அப்புறம் ஏரி. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனிக் குழு வைத்திருந்தார்கள். இன்றைக்கும் இந்தப் பக்கத்து விவசாயம் ஏரியை நம்பித்தான். உங்கள் துண்டு எந்த ஏரியின் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு), எந்த மதகு, யார் திறக்கிறார்கள், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையா என்று டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்தாலே தெரிந்துவிடும். விவசாய மின் இணைப்பு இலவசம், ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டும், அதனால் ஏற்கெனவே சர்வீஸ் உள்ள கிணறோடு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

மாடு வேண்டாம். எத்தனை ஆசை இருந்தாலும் வேண்டாம். காலையும் மாலையும் கறக்க வேண்டும், அக்கா பெண் கல்யாணத்துக்குக்கூட ராத்தங்க முடியாது. பால் பக்கத்து வீட்டில் வாங்குங்கள், அவருக்கு உங்கள் கீரை போகட்டும். நாட்டுக்கோழி நாலு பெட்டை வைக்கலாம். வருஷத்துக்கு அறுபது எழுபது முட்டைதான் ஒன்று இடும், ஆனால் தீவனச் செலவு கிட்டத்தட்ட இல்லை, மூன்று நாள் நீங்கள் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுப் பையன் தண்ணி வைத்து, சாயங்காலம் கூண்டை அடைத்தால் போதும். அடைக்க மறந்தால் கீரிப்பிள்ளை கணக்கை முடித்துவிடும்.

நிலத்தில் முதல் வருஷம் வீடு கட்டாதீர்கள். ஊருக்குள் ஒரு அறை வாடகைக்கு எடுங்கள், மழையில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். வேலி ஓரத்தில் முருங்கைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை), அகத்தி, நொச்சி, ஒரு மூலையில் கறிவேப்பிலை, எலுமிச்சை, இரண்டு தென்னை, கிழங்குக்கு மரநிழலில் சேனையும் கருணையும். இவை உங்களைத் தினமும் கூப்பிடாது. காய்கறிக்கு ஐந்து சென்ட்டுக்கு மேல் கொத்தாதீர்கள், களை எடுக்க முடியாமல் போகும் அளவு அதற்கு மேல்தான் தொடங்குகிறது. மீதியில் மானாவாரியாகக் கடலையோ உளுந்தோ பக்கத்து நிலத்துக்காரரோடு விளைச்சலைப் பங்கு போட்டுக்கொள்ளும் வாரக் கணக்கில் போடுங்கள்.

ராத்திரி வரப்பில் டார்ச்சும் ஒரு கம்பும் இல்லாமல் நடக்காதீர்கள், தரையில் படுக்காதீர்கள், ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள். கட்டுவிரியன் கடித்தால் சில நேரம் கடித்த இடம் வலிக்கக்கூடச் செய்யாது. கயிறு கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் கூடாது, காலை அசைக்காமல் 108-க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குப் போவது ஒன்றுதான் வழி. விஷமுறிவு மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியை மகாபலிபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் எடுத்துக் கொடுக்கிறது, நீங்கள் போகும் ஊரிலும் பாம்பு தெரிந்த இருளர் குடும்பம் இருக்கும், வந்ததும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். தனியாக இருக்கிறவர் தினமும் ராத்திரி ஒருவருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டுப் படுக்க வேண்டும், காலை எட்டு மணிக்குள் அடுத்த மெசேஜ் வராவிட்டால் அவர் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஊரில் இரண்டு பேர் நம்பரைக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டு பேரிடமும் நீங்கள் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.